கேப்ஸ் லொக் லைட்டை விடுங்கள்

கீபோட்டில் இருக்கும் மூன்று லைட்டும் தானாக எரிவதில்லை. கம்பியூட்டர் சொன்னால்தான் எரியும். அதனால்தான் மெயில் வந்தாலோ ஹார்ட் டிஸ்க் ஓடினாலோ அவற்றைச் சிமிட்ட வைக்கும் சொப்ட்வெயார்கள் வந்தன. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பல புது லெப்டொப்களில் ஸ்க்ரோல் லொக் லைட்டே கிடையாது. வயர் இல்லாத கீபோட் பலவற்றில் பெட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு லைட்டும் இல்லை. சொப்ட்வெயார் பாட்டுக்குச் சிமிட்டும், நமக்கு ஒன்றும் தெரியாது.

அது போகட்டும். கேப்ஸ் லொக் லைட்டில் கை வைப்பதைத்தான் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஹட்டன், நுவரெலியா பக்கம் அசைன்மென்ட் அடிக்கிற எங்களில் பலர் இன்னும் பாமினிதான். (யூனிக்கோட்டுக்கு மாறச் சொல்வீர்கள், சரி. பிரிண்ட் எடுக்கும் கம்யூனிகேஷன் கடையிலும் பாமினிதானே!) பாமினியில் ஜே அடித்தால் 'த', கே அடித்தால் 'ம'. கேப்ஸ் விழுந்திருந்தால் அதுவே 'து', 'மு'. ஆங்கிலத்தில் அடிக்கிறவருக்கு வெறும் பெரிய எழுத்து; எங்களுக்கு எழுத்தே வேறு. கொப்பியைப் பார்த்து அடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் ஒரு பந்தியே போயிருக்கும். அந்த நேரம் லைட் சும்மா சிமிட்டிக்கொண்டிருந்தால் எதை நம்புவது?

சிமிட்டத்தான் வேண்டுமென்றால் திரையின் மூலையில் சிமிட்டட்டும், எந்தக் கீபோட்டுக்கும் ஒத்துவரும். பழைய வயர் கீபோட்டை நாங்கள் இன்னும் தூக்கிப் போடாததற்கு அந்தக் கேப்ஸ் லைட்டும் ஒரு காரணம்.