புதியவர்களால் வாழும் மொழிகள்

அசாமிய மொழியில் 'என் அம்மா' என்றால் 'மா'. 'உன் அம்மா' என்றால் 'மாரா'. 'அவன் அம்மா' என்றால் 'மாக்'. யாருடைய அம்மா என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறிவிடும். தமிழ் படித்தவருக்கு இது புதிதல்ல. சங்கத் தமிழில் என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', அவன் தாய் 'தாய்'. எந்தை, நுந்தை, தந்தை என்பதும் அப்படித்தான். நாம் கைவிட்டுவிட்ட அந்த நுட்பம் பிரம்மபுத்திரா கரையில் இன்றும் வீட்டுப் பேச்சில் இருக்கிறது.

ஸ்பெயினும் பிரான்ஸும் சந்திக்கும் பிரனீஸ் மலைப் பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியில் 'என்னிடம் இருக்கிறது' என்பது 'துத்'. நெருங்கிய நண்பனிடம் சொன்னால் 'தியாத்', தோழியிடம் சொன்னால் 'தினாத்'. நாம் 'இருக்குடா', 'இருக்குடி' என்பதைப் போல, கேட்பவர் ஆணா பெண்ணா என்பதை வினைச்சொல் காட்டிவிடுகிறது.

இந்த இரு மொழிகளுக்கும் பொதுவான கூறு ஒன்றும் உண்டு. 'வந்தான்' என்பதற்கும் 'சாப்பிட்டான்' என்பதற்கும் தமிழில் எழுவாய் ஒரே வடிவில் நிற்கும். அசாமியத்திலோ, சாப்பிட்டவனின் பெயரோடு 'ஏ' என்ற உருபு சேரும். வந்தவனின் பெயரில் பெரும்பாலும் சேராது. பாஸ்கிலும் அப்படியே, அங்கே உருபு 'க்'. இதை வைத்து இரண்டையும் உறவாக்கிவிட முடியாது. பாஸ்கைத் திராவிட மொழிகளோடு இணைத்து நூல் எழுதியவர்களும் உண்டு. மொழியியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. ஒற்றுமை வேறு, உறவு வேறு.

தனிமையும் நெருக்கமும்

உலகில் பாஸ்குக்கு உறவென்று சொல்ல உயிரோடிருக்கும் மொழி ஒன்றுகூட இல்லை. அசாமியமோ பெரிய குடும்பத்துப் பிள்ளை. வங்கமொழி அதன் உடன்பிறப்பு. ஒன்றுக்குத் தனிமையும் மற்றொன்றுக்கு நெருக்கமும் ஆபத்தாக முடிந்தன.

ஒரு காலத்தில் பள்ளியில் பாஸ்க் பேசி அகப்பட்ட குழந்தையின் கையில் ஆசிரியர் ஒரு மோதிரத்தைக் கொடுப்பார். அந்தக் குழந்தை, பாஸ்க் பேசும் இன்னொரு குழந்தையைப் பிடித்து அதை மாற்றிவிட வேண்டும். கடைசியில் யார் கையில் மோதிரம் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்குத் தண்டனை. தாய்மொழி பேசும் தோழனைக் காட்டிக்கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்கிய கொடுமை அது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி பள்ளியிலும் அலுவலகத்திலும் அந்த மொழிக்கு இடமே தரவில்லை.

அசாமில் நடந்தது வேறு. 1836இல் பிரிட்டிஷ் நிர்வாகம் பள்ளிக்கும் நீதிமன்றத்துக்கும் வங்கமொழியைக் கொண்டுவந்தது. அசாமியம் வங்கமொழியின் வட்டார வழக்குதான் என்பது அன்று சொல்லப்பட்ட வாதம். அசாமியம் தனி மொழி என்று ஆனந்தராம் தேகியால் புகன் 1855இல் நூல் எழுதி வாதிட்டார். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1846இல் 'அருணோதய்' இதழைத் தொடங்கினர். 1873இல்தான் அசாமியம் தன் இடத்தை மீண்டும் பெற்றது. 2024இல் செம்மொழித் தகுதியும் வந்தது.

கற்றவரும் நம்மவரே

பாஸ்க் மீண்ட கதை நமக்கும் பாடம். 1968இல், பிராங்கோ உயிரோடிருந்தபோதே, அரான்சாசு மடாலயத்தில் கூடிய பாஸ்க் மொழி அகாடமி பொது எழுத்துமொழிக்கு அடித்தளமிட்டது. கொல்டோ மிச்செலேனா வழிகாட்டினார். பெற்றோர் சேர்ந்து பாஸ்க் வழிப் பள்ளிகளை நடத்தினர். பெரியவர்கள் மாலை வகுப்புகளில் மொழி கற்றனர். பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் 1991இல் சுமார் 24 சதவீதமாக இருந்த பாஸ்க் பேசுவோர் 2021இல் 36 சதவீதமானார்கள். இளைஞர்களில் நால்வரில் ஒருவர் என்ற நிலை மாறி, இன்று ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு அந்த மொழி தெரியும்.

இதில் பெரும்பங்கு, வீட்டில் பாஸ்க் பேசாத குடும்பங்களில் பிறந்து மொழியைக் கற்றவர்களுடையது. அவர்களுக்கு 'எவுஸ்கல்துன் பெர்ரி', அதாவது 'புதிய பாஸ்கர்' என்று பெயர். 'எவுஸ்கல்துன்' என்ற சொல்லுக்கே 'பாஸ்க் மொழியை உடையவர்' என்றுதான் பொருள். அந்தச் சொல்லில் பிறப்புக்கு இடமில்லை.

இதே போன்ற ஒரு சொல் அசாமிலும் உண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து பிரம்மபுத்திரா சமவெளியில் உழுது குடியேறிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் சுதந்திரத்துக்குப் பின் தங்கள் தாய்மொழி அசாமியம் என்று பதிவுசெய்தார்கள். பிள்ளைகளை அசாமிய வழிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு 'ந-அசமியா', அதாவது 'புதிய அசாமியர்' என்று பெயர் வந்தது. 1951 கணக்கெடுப்பில் அசாமியர் பங்கு உயர்ந்ததற்கு, தேசப் பிரிவினையில் வங்கமொழி பேசும் சில்ஹெட் பிரிந்துபோனதோடு இவர்களும் ஒரு காரணம்.

2011 கணக்கெடுப்பில் அசாமில் அசாமியத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1.51 கோடிப் பேர். மாநில மக்கள்தொகையில் 48 சதவீதம். சொந்த மண்ணில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டோம் என்ற அசாமியரின் கவலை உண்மையானது. அதை வெறுப்பு என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஆனால், அந்தக் கவலைக்குத் தேடும் மருந்து சரியாக இருக்க வேண்டும். 1960இல் அசாமியத்தை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தபோது மலைமக்கள் எதிர்த்தார்கள். 1961 மே 19 அன்று அசாமின் சில்சாரில் வங்கமொழிக்காகப் போராடியவர்களில் 11 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். திணிப்பின் வலியை 37 ஆண்டுகள் சுமந்த மொழி, இன்னொருவருக்கு அந்த வலியைத் தந்திருக்கக் கூடாது.

குடியேறியவர்களின் குடியுரிமைச் சிக்கலைச் சட்டம் தீர்க்கட்டும். மொழியின் கணக்கு வேறு. தன் வீட்டுப் பேச்சை விட்டு அசாமியத்தைத் தேர்ந்தவரை மூன்றாம் தலைமுறையிலும் அந்நியராகப் பார்த்தால், அடுத்த கணக்கெடுப்பில் அவர் பழைய மொழியையே எழுதுவார். இழப்பு அசாமியத்துக்குத்தான். உறவே இல்லாத பாஸ்க், கற்க வந்தவர்களை உறவாக்கிக்கொண்டு பெருகியது. சுற்றிலும் உறவுகள் நிறைந்த அசாமியத்தால் அது முடியாதா? தன் பிள்ளைக்கு 'மா' என்று சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு வீடும் அந்த மொழியின் வீடுதான்.