‘தற்செயல்’ என்று சொல்லலாமா?

பிளாட்டினம் சேர்ந்த புற்றுநோய் மருந்துகளைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவரும் கட்டுரைகளுள் பல, ‘இது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது’ என்றே தொடங்குகின்றன. மொழிபெயர்ப்பாளனுக்கு இது மிக எளிய வாக்கியம். அகராதியைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆயினும், அத்தகைய கட்டுரை ஒன்றை அண்மையில் தமிழாக்க முற்பட்டபோது, அச்சொல்லை எழுத என் கை தயங்கியது. அத்தயக்கத்தின் காரணத்தை, மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும், நாள்தோறும் அளவுகளைக் குறிக்கும் களப் பணியாளர்களிடமும் கூறுவது பயனுடையதெனக் கருதுகிறேன்.

முதலில் நிகழ்ந்ததைக் காண்போம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்னும் உயிர்ப் பௌதிக அறிஞர் பணியாற்றினார். பிரியும் நிலையிலுள்ள ஓர் உயிரணுவின் உள்ளே தோன்றும் இழைகள், காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் அமையும் ஒழுங்கை அவருக்கு நினைவூட்டின. அங்ஙனமாயின் மின்புலம் உயிரணுப் பிரிவைப் பாதிக்குமோ என்று அவர் வினவினார். இதனைச் சோதிக்க, எஷரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவை வளர்க்கும் கரைசலில் இரண்டு பிளாட்டின மின்முனைகளை அமைத்து மின்சாரம் செலுத்தினார். பிளாட்டினம் எளிதில் எதனோடும் வினைபுரியாத உலோகம் என்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

விளைவு வியப்பூட்டியது. பாக்டீரியாக்கள் மடியவில்லை, ஆனால் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு, இயல்பான நீளத்தைப் போல் 300 மடங்கு வரை நூலிழைகளாக நீண்டன. மின்சாரத்தை நிறுத்தியபின் மீண்டும் பிரியத் தொடங்கின. தாம் தேடியது கிடைத்துவிட்டதென மகிழ்ந்து, மின்புலமே காரணம் என்று அவர் அறிவித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அவரும் உடன் பணியாற்றியோரும் ஐயத்துக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கினர். முடிவில், மின்புலம் காரணமன்று என்பது புலனாயிற்று. வினைபுரியாது என நம்பிய பிளாட்டினம் சிறிதளவு கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடுடன் சேர்ந்து, புதியதொரு பொருளாக மாறியிருந்தது! 1965-இல் வெளியான கட்டுரை இதனையே கூறிற்று. ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த கருத்து பொய்த்தது. மின்முனையைப் பற்றிய நம்பிக்கையும் பொய்த்தது. இரண்டையும் அவர்கள் மறைக்கவில்லை.

அப்பொருள்களுள் ஒன்று உண்மையில் புதியதன்று. இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே 1844-லேயே அதனைப் பற்றி எழுதியிருந்தார். 1893-இல் ஆல்பிரட் வெர்னர் அதன் அமைப்பை விளக்கினார்: நடுவில் ஒரு பிளாட்டின அணு, சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளும் இரண்டு குளோரின் அணுக்களும். குளோரின் அணுக்கள் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் இருப்பின் அது சிஸ்பிளாட்டின் எனப்படும். அவை எதிரெதிர் மூலைகளில் இருப்பின் அப்பொருள் மருந்தாகப் பயன்படுவதில்லை. ஒரே அணுக்கள், ஒரே எடை. இடம் மாறியதால் குணம் மாறிவிட்டது. அமைப்பு வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பாக்டீரியா பிரிவதைத் தடுக்கும் பொருள், கட்டுக்கடங்காமல் பிரியும் புற்றுநோய் அணுக்களையும் தடுக்குமா? எலிகளில் சோதித்ததில் கட்டிகள் கரைந்தன; அச்செய்தி 1969-இல் வெளியாயிற்று. மருந்து செயற்படும் முறையும் பின்னர் விளங்கியது. இரத்தத்தில் குளோரைடு மிகுதி. ஆகவே மருந்து அங்கே பெரிதும் மாறாமலிருக்கும். உயிரணுவின் உள்ளே குளோரைடு குறைவு; அங்கே குளோரின் விலகி நீர் அவ்விடத்தில் சேரும். அதன்பின் பிளாட்டினம், டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரு குவானின்களைப் பற்றி, இழையையே வளைத்துவிடும். இச்சேதத்தைச் சீர்செய்ய இயலாத உயிரணு மடிகிறது.

மனிதர்க்குக் கொடுத்தபோது மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது, கடும் வாந்தியை உண்டாக்கிற்று, செவிப்புலனையும் தாக்கியது. ‘ஆகாத மருந்து’ என்று அப்போதே அதனை ஒதுக்கியிருக்கலாம். ஆனால் நோயாளிக்கு மிகுதியான நீர்மத்தை இரத்தக் குழாய் வழியே செலுத்தி, சிறுநீரைப் பெருக்கினால் சிறுநீரகச் சேதம் குறையும் என மருத்துவர்கள் கண்டனர். இந்தியானா பல்கலைக் கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974 முதல், உடலெங்கும் பரவிய விரைப்புற்றுநோய்க்கு இதனை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்து அளித்தார். பெரும்பாலும் இளைஞர்களின் உயிரைக் குடித்துவந்த அந்நோய், இன்று பெரும்பாலோர்க்குக் குணமாகும் நோயாகிவிட்டது. 1978-இல் அமெரிக்க அரசு சிஸ்பிளாட்டினுக்கு அனுமதி வழங்கியது. பின்னர் கார்போபிளாட்டினும் ஆக்சாலிபிளாட்டினும் வந்தன.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் கருதத்தக்கது. வாய், தொண்டைப் புற்றுநோய்கள் இங்கே மிகுதி. அவற்றுக்குக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டினும் அளிப்பர். மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பேரளவில் தருவதைவிட, வாரந்தோறும் சிற்றளவில் தருவது நோயாளி தாங்கத்தக்கது என்பதால் அம்முறை பலவிடங்களில் வழக்கமாயிருந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் 300 நோயாளிகளிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு, 2018-இல் முடிவை வெளியிட்டனர். இரண்டாண்டு முடிவில், வாரமுறையில் 58.5 விழுக்காட்டினர்க்கும், மூவார முறையில் 73.1 விழுக்காட்டினர்க்கும் நோய் அதே பகுதியில் கட்டுப்பட்டிருந்தது. மூவார முறையில் கடும் பக்க விளைவுகள் கூடுதல் என்பதையும் அவர்கள் சேர்த்தே உரைத்தனர். அளவை உயர்த்திய வாரமுறையை, அறுவைக்குப் பிந்திய நோயாளிகளிடம் ஜப்பானியர் சோதித்தபோது அம்முறை பின்தங்கவில்லை. வழக்கத்தை மதித்து எண்களை மறைத்திருந்தால், அளவே சிக்கல் என்னும் வினா எழுந்திருக்குமா?

இனி என் சொந்தக் குறை ஒன்றைக் கூறுகிறேன். பட்டப் படிப்பின்போது இரசாயனச் சோதனைச் சாலையில் என் பியூரெட் காட்டிய அளவு, வகுப்பினர் அனைவரின் அளவிலிருந்தும் வேறுபட்டது. மீண்டும் செய்தேன், அதே அளவே வந்தது. அருகிலிருந்தவரின் குறிப்பேட்டைப் பார்த்து என் எண்ணைத் திருத்தினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. கண்ணாடிக் குழாயில் குறையா, கரைசலில் குறையா, என் கண்ணில் குறையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. திருத்திய அந்த நொடியிலேயே அதனை அறியும் வழி அடைபட்டுவிட்டது.

வேறுபடும் அளவுகளுள் பெரும்பாலானவை வெறும் பிழைகளே என்று சிலர் கூறலாம். அது உண்மையே. ஒவ்வொரு பிழையிலும் ஒரு மருந்து ஒளிந்திருக்கிறது என நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிழையைப் பிழையென்று அறிவதற்கும் அது ஏட்டில் இருத்தல் வேண்டும். ரோசன்பெர்க் குழுவினரும் முதலில் தேடியது தம் பிழையைத்தான்.

ஆகவே ஆசிரியர்கள், மாணவன் எழுதிய எண் விடையோடு பொருந்தாதபோது மதிப்பெண்ணைக் குறைக்குமுன், ‘மீண்டும் செய்தாயா? என்ன கண்டாய்?’ என்று வினவுதல் நன்று. நேர்மையாகக் குறித்ததற்கென ஒரு பங்கு மதிப்பெண்ணும் ஒதுக்கலாம். களப் பணியாளர்கள், மழைமானியோ மண் சோதனையோ முரணான அளவைக் காட்டும்போது, அதனை அழிக்காமல் அப்படியே எழுதி, பக்கத்தில் ஐயக்குறியிட்டு, மறுமுறை அளந்ததையும் குறிப்பார்களாக. அவர்களிடம் விளக்கம் கேட்கும் மேலதிகாரிகளும், விளக்கம் கேட்பது வேறு, திருத்தச் சொல்வது வேறு என்பதை உணர்தல் வேண்டும்.

அக்கட்டுரையில் நான் முடிவாக எழுதிய தொடர் இது: ‘எதிர்பாராது கண்டு, விடாது ஆராய்ந்து அறியப்பட்டது.’ சற்று நீளந்தான். ஆயினும், ‘தற்செயல்’ என்று எழுதியிருந்தால் மாணவன் உழைப்பை மறந்து அதிர்ஷ்டத்தை மட்டுமே நினைவில் வைத்திருப்பான்.