வால்வு அம்பிளிபயர் வாங்கும் முன்

பிள்ளை கிற்றார் பழகத் தொடங்கினால் அடுத்ததாக அம்பிளிபயர் கேட்கும். சில பிள்ளைகள் பழைய வால்வு அம்பிளிபயர்தான் வேண்டும் என்று நிற்பார்கள். "புதிது கிடக்க இதென்ன பழசு?" என்று நாம் முகம் சுளிக்கிறோம். ஊரில் அப்பப்பா வீட்டு வால்வு றேடியோவை நினைத்துப் பார்ப்போம். சுவிச்சைப் போட்டதும் பேசாது. வால்வு சூடேறிய பிறகே குரல் வரும். அதே வகை வால்வுதான் இதற்குள்ளும் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டக் கூட ஒலி மெல்லக் கரகரத்துத் தடிக்கும். கிற்றார்காரர் விரும்புவது அந்தக் கரகரப்பைத்தான்.

கனடாவில் இருக்கும் நாம் இதற்கு அமெரிக்க, இங்கிலாந்துப் பெயர்களைத் தேடி அலையத் தேவையில்லை. 1963இல் ரொறன்ரோவில் பீற் ட்ரெய்னரும் ஜாக் லோங்கும் தொடங்கிய யோர்க்வில் சவுண்ட் நிறுவனம், 'ட்ரெய்னர்' என்ற பெயரில் அம்பிளிபயர்கள் செய்தது. இன்று அந்த நிறுவனம் ஸ்காபரோவுக்குப் பக்கத்தில், பிக்கறிங்கில் இருக்கிறது. அவர்களுடைய 'பாஸ் மாஸ்டர்' பாஸ் கிற்றாருக்கென்று செய்யப்பட்டது; சாதாரண கிற்றாருக்கும் நன்றாகப் பொருந்தும். சுமார் 40 வாற்ஸ். ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் வேறாக வாங்கவேண்டும். அடிபட்டாலும் தாங்கும் என்று பெயரெடுத்த சாமான்.

ஆனால் ஒன்றைப் பெற்றோர் மறக்கக்கூடாது. இதற்குள் ஓடுவது 400 வோல்ற் அளவு மின்சாரம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றர்களில் அது தேங்கி நிற்கும். ஆளைக் கொல்லப் போதும். ஆகவே நாமோ பிள்ளையோ பின்பலகையைத் திறந்து கைவைக்கவேண்டாம். வால்வு வேலை தெரிந்த ரெக்னீசியனிடமே கொடுப்போம்.

அவரிடம் முதலில் கேட்கவேண்டியது வயரைப் பற்றி. 1960களின் அம்பிளிபயர்கள் பலவற்றில் இரண்டு முள்ளுப் பிளக்தான் இருந்தது. நில இணைப்பு இல்லை. மின்கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கப்பாசிற்றரும் இருக்கும். அது பழுதானால் சட்டத்தில் மின்சாரம் ஏறும். அங்கிருந்து கிற்றார்க் கம்பிக்கும், கம்பியைப் பிடித்திருக்கும் பிள்ளையின் கைக்கும் வரும். இதைத் தொழிலில் 'டெத் கப்' என்பார்கள். சாவு என்ற சொல்லைச் சும்மா வைக்கவில்லை. அதை அகற்றி, நில இணைப்புள்ள மூன்று முள்ளு வயர் போடுவது முதல் வேலை.

அடுத்தது மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கப்பாசிற்றர்கள். பல வருடம் கிடந்தால் உள்ளே காய்ந்துவிடும். 'ம்ம்' என்ற இரைச்சல் ஓயாமல் கேட்டால் பெரும்பாலும் இவற்றின் குற்றம்தான். வால்வு மூன்றாவது. நல்ல வால்வை மாற்றவேண்டியதில்லை. சோதித்துப் பார்த்தாலே போதும். கடைசிப் பெரிய வால்வுகளை மாற்றினால் 'பயஸ்' அளவையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழைய ட்ரான்ஸ்போமர் நன்றாக இருந்தால் அதைத் தொடவேண்டாம். அதுதான் பெட்டியின் பெறுமதி.

ஸ்பீக்கரைக் கொழுவாமல் ஒருபோதும் அம்பிளிபயரைப் போட்டு வாசிக்கக்கூடாது. அந்த ட்ரான்ஸ்போமர் எரிந்துவிடக்கூடும்.

விலை பேசும்போது திருத்தும் செலவையும் கூட்டிப் பாருங்கள். "வேலை செய்கிறது" என்று விற்பவர் சொன்னாலும், வயரும் கப்பாசிற்றரும் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஒழுங்காகத் திருத்திய பெட்டி பிள்ளை வளர்ந்த பிறகும் உழைக்கும். விற்றாலும் காசு வரும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே சுவரில் கொழுவாமல், முதலில் ரெக்னீசியனிடம் கொண்டுபோவோம்.