அமானிதமும் கணிப்பொறிப் பூட்டும்

பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை 'அமானிதம்' என்பது நம் இல்லங்களில் வழங்கும் சொல். அடைக்கலப் பொருள் எனினும் அமையும். பணமும் நகையும் நிலப்பத்திரமும் மட்டுமே அமானிதம் என்றிருந்த காலம் கடந்துவிட்டது. இன்று ஒருவரின் பெயரும் குரலும் குடும்பச் செய்தியும் நம் கணிப்பொறியில் தங்கியிருக்கின்றன. அவற்றைக் காப்பதும் அமானிதம் காப்பதேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவி ஒருவர், விக்கிரவாண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்து வந்தார். பாடிய தாய்மார் தம் வாழ்க்கைத் துயரங்களையும் மனம்விட்டுக் கூறினர். "எம் பேரு வெளிய வரக்கூடாது கண்ணு" என்று கேட்டுக்கொண்டோரும் உண்டு. ஒருநாள் திண்டிவனத்திலிருந்து திரும்புகையில் பேருந்தில் அவருடைய மடிக்கணினி களவு போயிற்று. பதிவுகளுக்கு வேறு படி இருந்தமையால் ஆய்வு தடைப்படவில்லை. ஆயினும், "அவர்கள் சொன்னதெல்லாம் இப்போது யார் கையில் இருக்கிறதோ, ஐயா?" என்று அவர் கண்கலங்கினார். "கடவுச்சொல் இட்டிருந்தாயே, அம்மா" என்று தேற்றினேன். அத்தேறுதலில் உண்மையில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கணிப்பொறியினுள் நுழைய நாம் இடும் கடவுச்சொல் வாயிற்காவலன் போன்றது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைப்பவனுக்கு அந்த வாயிலே தேவையில்லை. உள்ளிருப்பவை அனைத்தையும் அவன் படித்துவிடலாம். முழுவட்டு மறையாக்கம் என்பது வேறு. தட்டில் எழுதப்படும் ஒவ்வொரு செய்தியையும் அது மறைமொழியாக மாற்றியே எழுதுகிறது. திறவுச்சொல் இல்லாதவனுக்குத் தட்டு முழுவதும் பொருளற்ற குறிகளே. எழுத்துகள் எத்துணை முறை வருகின்றன என்று எண்ணி மறைமொழியை உடைக்கும் வழியை 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அறிஞர் அல்கிந்தி எழுதிவைத்தார். அவ்வழிக்கு வசப்படாத ஏ.இ.எஸ். என்னும் முறையைப் பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் வகுத்தனர். 2001இல் அமெரிக்க அரசு அதனைத் தன் தரமாக ஏற்றது. இன்று உலகெங்கும் பயன்படுவது அதுவே.

இதனை இப்போது கூறக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. வீடுகளிலும் கல்லூரிகளிலும் பழைய கணிப்பொறிகளில் புதிய இயங்குதளம் நிறுவ வேண்டிய வேளை இது. டெபியன், உபுண்டு போன்ற கட்டற்ற இயங்குதளங்களை நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வாய்ப்பு இருக்கிறது. அதற்குத் தனிக்கட்டணம் ஏதுமில்லை. நிறுவிய பின்னர்ச் செய்ய முனைவதே கடினம். துணை வேண்டுவோர் விழுப்புரத்தில் இயங்கும் குனு லினக்ஸ் பயனர் குழுவினரை அணுகலாம்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். நிறுவும்போது தட்டிலுள்ள பழைய கோப்புகள் அழியும். ஆகவே முன்னரே படியெடுத்துப் பத்திரப்படுத்துக. திறவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தருவார் எவருமிலர். எழுதிக் கணிப்பொறிக்கு அப்பால் பூட்டி வைக்க. தொடக்கத்திரையில் தமிழ் விசைப்பலகை பெரும்பாலும் கிடைக்காது; தொடர்பற்ற சொற்கள் ஐந்தாறினை ஆங்கில எழுத்தில் அமைத்துக்கொள்க. கணிப்பொறி திறந்திருக்கும் பொழுதில் இப்பூட்டு காவாது என்பதையும் மறவற்க.

"மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று பெரியோர் சிலர் வினவுவர். நமக்கு ஒன்றுமில்லாதிருக்கலாம். ஆனால் நம்மிடம் இருப்பவை நம்முடையன மட்டுமல்லவே! மாணவியரின் தொலைபேசி எண்களும், வறுமை குறித்த விண்ணப்பங்களும், சாதிச் சான்றிதழ்களும் துறைக் கணிப்பொறியில் உள்ளன. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை நீதிமன்றத்தில் மட்டும் வாழ்ந்தால் போதாது. நம் மேசையிலும் வாழ வேண்டும்.

அன்று அம்மாணவிக்கு நான் மெய்யான ஆறுதல் சொல்ல இயலவில்லை. இனி ஆய்வுக்குப் புறப்படும் மாணவர், ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் எடுக்குமுன் தம் கணிப்பொறிக்கு இப்பூட்டினை இடுவாராக. பெயரை மறைக்கச் சொன்ன தாய்க்கு நாம் தந்த வாக்கு அப்போதுதான் நிறைவேறும்.