அந்த ஒரு மாதத்துக்கு எந்தக் கார்டு?

"ஆபரேஷனுக்குக் கார்டு இருக்கு தம்பி. ஆனா ஒரு மாசம் பாடக் கூடாதுன்றாங்க. அந்த ஒரு மாசத்துக்கு எந்தக் கார்டு?"

பட்டினப்பாக்கம் குடியிருப்பில் வசிக்கும் ஒரு கானா அண்ணன் போன மார்கழியில் என்னிடம் கேட்டது இது. இருபது வருடமாகச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடுகிறவர். என் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவரிடம்தான் பாதிப் பாடம் கற்றேன். குரல்நாணில் கட்டி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வாங்கி, போட்டோ எடுத்து, எல்லாம் முறையாகச் செய்து வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் அவர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். பாடாத மாதத்தில் வாடகை யார் கொடுப்பது? பிள்ளையின் பீஸ்?

அவர் வீட்டிலிருந்து சாந்தோம் நெடுஞ்சாலையைப் பிடித்து கச்சேரி சாலையில் திரும்பினால், நடந்தே மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் போய்விடலாம். அந்த மார்கழி முழுக்க அங்கே சபாக்களில் குரல்கள் கொண்டாடப்பட்டன. மதிய நேரக் கச்சேரியில் பாடும் இளம் பாடகருக்கும் பல சபாக்கள் பெரிதாக ஒன்றும் கொடுப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தப் பாடகருக்குத் தொண்டை கட்டினால் வீட்டில் அப்பாவின் வங்கி வேலையோ, அண்ணனின் ஐடி கம்பெனியோ காப்பீடு வைத்திருக்கும். கூலி வாங்காமல் கலையை 'சேவை' என்று சொல்லிக்கொள்ள, இன்னொருவர் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி வந்துகொண்டிருந்தது யார் வீட்டில் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சாதி நம் கலைகளுக்கு இரண்டே பெயர்களைத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. மேலே இருப்பவன் செய்தால் அது தெய்வப்பணி. கீழே இருப்பவன் செய்தால் அது ஊர்க்கடமை. பறை அடிப்பவனுக்கு ஊர் கொடுத்தது கூலி அல்ல. களத்து மேட்டில் அளந்து போட்ட நெல், சாவு வீட்டில் வீசிய சில்லறை. இரண்டு பெயரிலும் 'வேலை' என்ற சொல் இல்லை. வேலை இல்லையென்றால் முதலாளி இல்லை. முதலாளி இல்லையென்றால் காப்பீட்டுக்குப் பணம் கட்ட யாரும் இல்லை. இன்றைய சட்டமும் இந்தப் பழைய ஏற்பாட்டின் மேல்தான் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை 1944இல் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1948இல் வந்தது ஈ.எஸ்.ஐ. சட்டம். நம் அப்பா அம்மாக்களில் பலர் அம்பத்தூரிலும் கிண்டியிலும் மாத்திரை வாங்க வரிசையில் நின்ற அதே ஈ.எஸ்.ஐ.தான். அதில் இருப்பது மாத்திரை மட்டுமல்ல. நோயில் விழுந்தால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, கூலியில் 70 விழுக்காடு கைக்கு வரும். அண்ணன் கேட்ட 'அந்த ஒரு மாதத்துக்கான கார்டு' இந்த நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனமும், சம்பளப் பட்டியலில் பெயரும் இருந்தால்தான் கிடைக்கும், அவ்வளவுதான். கானா பார்ட்டியில் டோலக், டேப் எல்லாம் சேர்த்தே ஐந்தாறு பேர்.

'நல வாரியம் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது, நல்ல காரியம். கல்விக்கும், கல்யாணத்துக்கும், கண் கண்ணாடிக்கும், ஈமச்சடங்குக்கும் உதவி உண்டு. செத்தால் பணம் வரும். படுத்திருக்கும் நாட்களுக்குக் கூலி வராது. சாந்தோமுக்கு மிக அருகில், ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது இயல் இசை நாடக மன்றம். அதன் வழியாகத் தரப்படும் மாத உதவியின் பெயரைக் கவனியுங்கள்: 'நலிந்த நிலையில் வாழும்' கலைஞர்களுக்கான நிதியுதவி. முதலில் நலிந்து போ, அதை நிரூபி, பிறகு வா. நலியாமல் இருக்க ஒரு வழி கேட்டால் அதற்குப் படிவம் கிடையாது.

மற்ற நாடுகளில் எல்லாம் தேனும் பாலும் ஓடுவதாகச் சொல்ல மாட்டேன். தென்கொரியாவில் 2011இல் சோய் கோ-உன் என்ற திரைக்கதை எழுத்தாளர் நோயிலும் பசியிலும் செத்துப் போனார். வயது 32. பக்கத்து வீட்டுக்காரரிடம் சோறும் கிம்ச்சியும் கேட்டு அவர் எழுதிய சீட்டு நாட்டையே உலுக்கிய பிறகுதான் கலைஞர் நலச் சட்டம் வந்தது. கலைஞர்களுக்கான வேலையின்மைக் காப்பீடு வர 2020 டிசம்பர் ஆனது. அமெரிக்காவில் நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டைப் பெற 2023இல் ஆண்டுக்கு 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும். சங்கத்தின் பெரும்பாலான உறுப்பினர்கள் அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. அந்த ஆண்டு அவர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, நட்சத்திரங்கள் அல்லாதவர்கள் திரும்பத் திரும்பப் பேசியதில் இதுவும் ஒன்று.

நாம் உட்கார்ந்து படிக்க வேண்டியது ஜெர்மனியை. 1981இல் சட்டம் போட்டு 1983 முதல் நடத்துகிறார்கள். தனியாகத் தொழில் செய்யும் இசைக்கலைஞர், எழுத்தாளர், ஓவியர் ஆகியோர் தங்கள் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்குமான தொகையில் பாதியை மட்டும் கட்டுகிறார்கள். 20 விழுக்காட்டை அரசு கட்டுகிறது. மிச்சம் 30 விழுக்காடு, கலையைப் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து வருகிறது: பதிப்பகம், நாடக அரங்கு, விளம்பரக் கம்பெனி, கச்சேரி ஏற்பாட்டாளர். கலைஞர்களுக்குக் கொடுத்த தொகையில் ஒரு பங்கைப் பொது நிதிக்குக் கட்ட வேண்டும். 2025இல் அது 5 விழுக்காடு. நீ கூப்பிட்ட கலைஞர் அந்தக் காப்பீட்டில் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. கூப்பிட்டால் கட்டு.

சாவு வீட்டில் பாடுபவருக்கு யார் கட்டுவது? அழுதுகொண்டிருக்கும் அந்தக் குடும்பமா? இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு பேராசிரியர் வெற்றிக் களிப்போடு கேட்டார். பொது நிதி என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தைத் தொட வேண்டியதே இல்லை. 1990களில் தேவாவின் பாடல்களில் தொடங்கி இன்றுவரை கானாவை வைத்துக் காசு பார்க்கிற சினிமா இருக்கிறது. ஆடியோ நிறுவனங்கள் இருக்கின்றன. பொங்கலுக்குப் பறையும் ஒயிலாட்டமும் வைத்து நம்ம ஊரு திருவிழா நடத்தும் அரசு இருக்கிறது. கூட்டம் சேர்க்கத் தப்பாட்டம் வைக்காத கட்சி தமிழ்நாட்டில் உண்டா? இவர்கள் கட்டட்டும். கர்நாடகத்தில் சினிமா டிக்கெட் மீதும் ஓடிடி சந்தா மீதும் 2 விழுக்காடு வரை செஸ் வாங்கி, திரை மற்றும் பண்பாட்டுக் கலைஞர்களின் நலனுக்குக் கொடுக்க 2024இல் சட்டமே போட்டுவிட்டார்கள். நம் நாட்டிலேயே 1981இல் சினிமாத் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு செஸ் இருந்தது. ஒன்றிய அரசு அதையும் எடுத்துவிட்டது. ஆக, கேட்பது புதிய விஷயம் அல்ல.

இதுவரை தலையாட்டியவர்கள் இனி முகம் சுளிக்கலாம். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில், 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் சண்டைக் காட்சியின்போது ஒரு சண்டைக் கலைஞர் இறந்து போனார். நாம் நம்மவர் என்று கொண்டாடுகிற பா. இரஞ்சித்தின் படம். காவல்துறை வழக்குப் பதிந்தது. தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. அந்த வாரம் நம் ஆட்களின் பதிவுகளைப் படித்தேன். பாதிப் பேர் இரஞ்சித்தைக் காப்பாற்றுவதில் இருந்தார்கள், மீதிப் பேர் எதிரிகளுக்குப் பதில் சொல்வதில் இருந்தார்கள். ஏற்கெனவே 2020இல் 'இந்தியன் 2' அரங்கில் கிரேன் விழுந்து மூன்று பேர் செத்திருந்தார்கள். சட்டம் வேண்டும் என்று கேட்க இதைவிடப் பெரிய தருணம் நமக்கு வாய்த்திருக்காது. நாம் கேட்கவில்லை. கடைசியில் மும்பையிலிருந்து அக்‌ஷய் குமார் நூற்றுக்கணக்கான சண்டைக் கலைஞர்களுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அவர் செய்தது நல்லதுதான். அடுத்த வருடம் அவருக்கு மனம் மாறினால்?

சினிமாவை விடுங்கள், நம் மேடைக்கு வருவோம். நான் இருக்கும் வாசகர் வட்டம் போன ஏப்ரல் 14க்கு நடத்திய நிகழ்ச்சியின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மேடைக்காரருக்குப் பணம், மைக் செட்டுக்குப் பணம், ஃப்ளெக்ஸ்காரருக்கு முன்பணம். பறையிசைக் குழுவுக்கு எதிரே எழுதியிருந்தது: வேன் வாடகை, பிரியாணி, சால்வை எட்டு. 'நம்ம தோழர்கள்தானே' என்று நாமே சொல்லிக்கொண்டோம். ஊர்க்கடமைக்கு நாம் வைத்திருக்கும் புதிய பெயர் 'இயக்கக் கடமை'. பறையை விடுதலையின் இசை என்று ஆய்வுக் கட்டுரை எழுதியவன் நான். எழுதுவதற்கு எனக்கு மாதா மாதம் உதவித்தொகை வந்தது. அடித்தவர்களுக்குச் சால்வை.

இந்த முறை வட்டத்தில் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். கலைஞர்களுக்கு முதலில் சம்பளம். அந்தச் சம்பளத்தின் மேல் ஐந்து விழுக்காட்டைத் தனியாக எடுத்து வைத்து, பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் பகுதிகளில் பாடுகிற, அடிக்கிற யாராவது நோயில் படுத்தால் வாரக் கூலியாகக் கொடுப்பது. எங்களிடம் வந்து அடித்தவராக இருக்க வேண்டியதில்லை. தொகை சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. 'இது என்.ஜி.ஓ. வேலை, அரசிடம் கேட்க வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்' என்று ஒரு தோழர் வெளிநடப்பு செய்தார். அவர் சொன்னதில் பாதி சரி. அரசிடம் கேட்கும் மனுவையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்; சபா, சினிமா, கட்சி என்ற பட்டியலில் நான்காவதாக 'இயக்க அமைப்புகள்' என்று சேர்த்திருக்கிறேன்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டு எண்ணினார். "நாலு நாளுக்கு வரும் தம்பி," என்றார். "மிச்சம் இருபத்தாறு நாளுக்கு யாரைக் கேக்கப் போற?"