தெளிந்த நீரில் ஒரு தகப்பன்

மீன் என்ற சொல்லைக் கண்டதுமே பக்கத்தைப் புரட்டிவிடும் நேயர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. அவர்களுக்கு முதலிலேயே அபயம் அளித்து விடுகிறேன். இந்த வாரம் நான் சொல்லப் போகும் மீன் பெரும்பாலும் யாருடைய சட்டிக்கும் போவதில்லை. பிடித்தவனே அதன் வாயிலிருந்து முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, மறுபடியும் ஜலத்தில் விட்டுவிடுகிறான். "அப்படியானால் பிடிப்பானேன், விடுவானேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வசந்த காலம் வந்தால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மை அடைகிறது. அதைப் பற்றித்தான் பேச உத்தேசம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில், மிஸ்ஸௌரி ராஜ்யத்தின் தெற்கிலும் அர்க்கன்ஸா ராஜ்யத்தின் வடக்கிலுமாகப் பரவிக் கிடக்கிறது ஓஸார்க் மேட்டு நிலம். மேட்டு நிலம் என்றதும் நமது நீலகிரியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவ்வளவு உயரமில்லை. ஆனால் சுண்ணாம்புக் கல் பாறைகளும், செங்குத்தான கரைகளும், காடுகளும் நிறைந்த பிரதேசம். அதன் வழியே ஒயிட் ரிவர், அதாவது வெள்ளை நதி, வளைந்து வளைந்து ஓடுகிறது. அடிக்கடி வெள்ளம் வந்து கீழ்நாட்டு வயல்களை அழித்தபடியால், அமெரிக்க ராணுவ இன்ஜினீயர்கள் அந்த நதிக்கும் அதன் கிளைகளுக்கும் குறுக்கே வரிசையாக அணைகளைக் கட்டினார்கள். 1944-ல் நார்போர்க் அணை முடிந்தது. 1951-ல் புல் ஷோல்ஸ், 1958-ல் டேபிள் ராக், 1966-ல் பீவர். இவற்றுள் டேபிள் ராக் தேக்கம் ஒன்று மட்டுமே சுமார் 43,000 ஏக்கர் பரப்பு உள்ளது. கரையோரமாக நடந்து சுற்றி வரவேண்டுமானால் எழுநூறு மைலுக்கு மேல் நடக்க வேண்டும்.

அணை கட்டினால் ஊர் முழுகுவது எந்தத் தேசத்திலும் உள்ள சங்கடம். மேட்டூரில் நீர் வற்றும்போது தலைகாட்டும் கோயில் நந்தியையும் மாதா கோயில் கோபுரத்தையும் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. டேபிள் ராக்கின் அடியிலும் ஓயாசிஸ் என்ற ஒரு சிற்றூர் கிடக்கிறது. மனிதருக்கு மட்டுமல்ல, நதி மீனுக்கும் இடம் போயிற்று. அணையின் அடிமட்டத்திலிருந்து வெளிவரும் ஜலம் கோடையிலும் சில்லென்று இருப்பதால், அணைக்குக் கீழே அந்த நதியில் வழிவழியாக வாழ்ந்த மீன்கள் தங்க முடியவில்லை. அங்கே இப்பொழுது குளிர்நீர் மீனாகிய டிரவுட்டைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்து விடுகிறார்கள். அணைக்கு மேலேயோ, தேங்கிய நீரில் பாஸ் என்னும் மீன் பல்கிப் பெருகிற்று.

இந்தப் பாஸ் மீனில் மூன்று ஜாதிகள் அங்கே உண்டு. பெரிய வாய் உள்ளது ஒன்று. சிறிய வாயுள்ளது, வெண்கல நிறமானது, மற்றொன்று. புள்ளிகள் உள்ள மூன்றாவதைக் கெண்டக்கி பாஸ் என்றும் சொல்வார்கள். மூன்றும் வேட்டை மீன்கள். முள்ளில் மாட்டிய பிறகு ஜலத்துக்கு மேல் தாவிக் குதித்து உதறுவதில் சிறிய வாய் மீனுக்கு இணையில்லை என்பது தூண்டில்காரர்களின் ஒருமித்த அபிப்பிராயம்.

ஓஸார்க் தேக்கங்களின் விசேஷம் அவற்றின் தெளிவு. வண்டல் குறைந்த கூழாங்கல் நிலமாகையால், காற்றடிக்காத நாளில் பல அடி ஆழத்தில் கிடக்கும் கல்லைப் படகிலிருந்தே எண்ணலாம். மனிதன் மீனைப் பார்க்கிறான்; மீனும் மனிதனைப் பார்க்கிறது. ஆகவே இங்கே தடித்த நரம்பும் முரட்டு இரையும் செல்லுபடியாவதில்லை. மெல்லிய நரம்பு, நெடுந்தூர வீச்சு, அளவற்ற பொறுமை, இவை மூன்றும் வேண்டும். மற்ற ஊர்களில் மீன் பிடிப்பவன் காற்றைச் சபிப்பான். இங்குள்ளவனோ காற்று எப்போது வரும் என்று காத்திருப்பான். சிற்றலை எழுந்து வெளிச்சம் சிதறினால்தான் மீனின் சந்தேகம் சற்றே தெளியும்.

பிப்ரவரி மாதக் கடைசியில் தண்ணீர் இன்னும் கடுங்குளிராக இருக்கும். அப்போது பாஸ் மீன்கள், ஓடைகள் தேக்கத்தில் கலக்கும் வாய்களின் அருகே, முழுகிப்போன தேவதாரு மரங்களின் கிளைகளுக்கிடையே அசையாமல் மிதந்து நிற்கும். குளிர் தாங்காமல் தள்ளாடும் ஷாட் என்ற சிறு வெள்ளி மீன்தான் அவற்றுக்கு ஆகாரம். எனவே தூண்டில்காரர் ஷாட் மீனைப் போலச் செய்த நீண்ட போலி இரையை வீசி, இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்து நிறுத்திவிடுகிறார். அந்த இரை மேலேயும் வராது, கீழேயும் போகாது. நடுநீரில் அப்படியே நிற்கும். பத்து எண்ண வேண்டும். சில நாள் இருபதும் எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் பொறுமை இழந்து இழுத்தவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான்.

மார்ச் மாதம் நடந்து நீர் சிறிது சூடேறியதும், இறாலுக்கும் நண்டுக்கும் நடுவிலே பிறந்தது போன்ற ஒரு பிராணி, கிரேபிஷ் என்று பெயர், கற்களுக்கிடையிலிருந்து வெளிவரும். உடனே இரையின் வேஷமும் மாறும். செம்பழுப்பு நிறத்தில், கூழாங்கல்லின்மேல் முட்டி மோதித் தத்தளித்து ஓடும் போலி இரைகளை வீசுவார்கள். இவற்றில் சில பழைய காலத்து உருப்படிகளுக்கு இருக்கும் மதிப்பைக் கேட்டால், நம் வீட்டுப் பெண்மணிகள் பாட்டி காலத்து நகைகளைப் பற்றிப் பேசுவது நினைவுக்கு வரும்.

ஏப்ரலில் கரையெல்லாம் டாக்வுட் மரம் வெள்ளை வெளேரென்று பூக்கிறது. "டாக்வுட் பூத்தால் பாஸ் கூடு கட்டும்" என்பது அவ்வூர் வழக்கு. பஞ்சாங்கத்தைவிட அது நம்பகமானது. நீரின் உஷ்ணம் பாரன்ஹீட் 60 டிகிரியை ஒட்டி வரும்போது சிறிய வாய் மீனும், இன்னும் சில டிகிரி ஏறியதும் பெரிய வாய் மீனும் முட்டையிடத் தொடங்குகின்றன.

கூடு கட்டுவது ஆண் மீன். கரையோரக் கூழாங்கல்லில் வாலினால் பெருக்கித் துடைத்துத் தாம்பாளம் போன்ற ஒரு பள்ளம் செய்கிறது. பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுத் தன் வழியே ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு குடும்பப் பொறுப்பு முழுவதும் தகப்பனுடையது. இரவும் பகலும் துடுப்பினால் விசிறி முட்டைகளுக்கு நல்ல நீரோட்டம் தருகிறது. அழுக்குப் படியாமல் காக்கிறது. தான் இரை தேடிப் போவதையும் ஏறக்குறைய மறந்துவிடுகிறது. சில நாட்களில் முட்டை பொரிந்து, பிறகு குஞ்சுகள் கரும்புகை போல் கூட்டமாக மேலெழும்பும். அப்போதும் தகப்பன் கூடவே காவல் போகும். நம் ஏரிகளில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தின் கீழே காவல் வருவதைக் கண்டவர்கள் இந்தக் காட்சியைச் சுலபமாக ஊகித்துக் கொள்ளலாம்.

இந்தத் தகப்பனுக்குப் பெரிய எதிரி, உள்ளங்கை அகலமே உள்ள புளூகில் என்ற மீன். கூட்டைச் சுற்றி எப்போதும் நாலைந்து வட்டமிட்டுக்கொண்டிருக்கும். காவலன் சற்று அகன்றால் போதும். சில நிமிஷங்களுக்குள் முட்டைகளைச் சூறையாடத் தொடங்கிவிடும்.

இப்படிப்பட்ட சமயத்தில்தான் படகில் ஒருவர், ஒளிக்கூச்சத்தைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கரையோரமாக மெல்ல வருகிறார். தெளிந்த நீரில் வெளுத்த வட்டமும் அதன்மேல் கறுத்த நிழலும் அவருக்கு நன்றாகத் தெரிகின்றன. இரையைக் கூட்டின் நடுவிலே போடுகிறார். மீனுக்குப் பசியில்லை. ஆயினும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஏதோ ஒன்று வந்து விழுந்திருக்கிறதே! அதை வாயால் கவ்வி அப்புறப்படுத்த வருகிறது. முள் ஏறிவிடுகிறது.

இதில் வேட்டைத் திறமை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பிப்ரவரிக் குளிரில் இருபது எண்ணிக் காத்திருந்தவரை மெச்சலாம். வாசற்படியில் காவல் நிற்பவனை வம்புக்கிழுத்துப் பிடித்ததை எப்படி மெச்சுவது? ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் முட்டைகள் இருக்கின்றன. தேக்கமோ கடல் போன்றது. சில கூடுகள் அழிந்தால் மீன் குலம் அழிந்துவிடாது என்கிறார்கள். ஓஸார்க் தேக்கங்களைப் பொறுத்தவரை இதில் உண்மை இல்லாமலில்லை. அங்கே குஞ்சுகளின் தலைவிதியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது தூண்டிலை விட நீர்மட்டம்தான். 2011-ஆம் வருஷம் ஏப்ரலில் பெருமழை பெய்து, வழக்கமாக 915 அடியில் நிற்கும் டேபிள் ராக் நீர்மட்டம் 935 அடிக்கு மேல் ஏறிற்று. அந்த மாதிரி வருஷங்களில் கரையிலுள்ள செடி கொடிகளெல்லாம் முழுகிக் குஞ்சுகளுக்கு மறைவிடமாகின்றன. ஏராளமானவை பிழைத்துக் கொள்கின்றன.

ஆயினும் இல்லினாய் ராஜ்யத்தில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பாஸ் மீன்களை வளர்த்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று சற்று யோசிக்க வைக்கிறது. சில மீன்கள் எளிதில் தூண்டிலில் மாட்டுகின்றன. சில மாட்டுவதே இல்லை. இந்தக் குணம் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்று 2009-ல் வெளியிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. எளிதில் மாட்டுகிறவை எவையோ அவைதாம் கூட்டை விழிப்புடன் காக்கும் தகப்பன்கள் என்றும், அவற்றிடம் குஞ்சுகளும் அதிகம் என்றும் 2012-ல் எழுதினார்கள். அதாவது, கடமையில் சிறந்தவனே முதலில் முள்ளில் மாட்டுகிறான். அசட்டையாக இருப்பவன் தப்பித்துக் கொள்கிறான். அடுத்த தலைமுறை யாருடைய பிள்ளைகளாக இருக்கும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பிடித்த மீனை விட்டுவிடும் வழக்கம் பரவியதற்கே இந்தத் தேக்கங்களுக்கும் சம்பந்தம் உண்டு. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ்காரர் 1967 ஜூன் மாதம், அணை முடிந்து ஒரு வருஷமே ஆன பீவர் ஏரியில், 106 பேரைக் கூட்டி ஒரு பாஸ் பிடிக்கும் போட்டி நடத்தினார். இன்று பெரும் வியாபாரமாக வளர்ந்திருக்கும் போட்டிகளுக்கு வித்து அதுதான். போட்டி என்றால் குவியல் குவியலாகச் செத்த மீன் என்று ஜனங்கள் முகம் சுளித்ததால், 1972 முதல் அவர் மீனை உயிரோடு விடும் முறையைப் புகுத்தினார். படகிலேயே காற்றூட்டிய தொட்டி வைத்து, மாலையில் எடை பார்த்து, ஏரியில் விட்டுவிடுவார்கள். மெத்தச் சரி. ஆனால் வசந்த காலத்தில் அந்தத் தொட்டியில் இருப்பது ஒரு தகப்பனாக இருந்தால்? காலையில் பிடித்த இடம் ஓரிடம், மாலையில் விட்ட இடம் பல மைலுக்கு அப்பால் வேறிடம். மீன் பிழைக்கிறது, கூடு பிழைப்பதில்லை. சமீப காலத்தில் சில போட்டிகளில் பிடித்த இடத்திலேயே எடை போட்டு அக்கணமே விட்டுவிடுகிறார்கள். இது எவ்வளவோ மேல்.

சட்டம் என்ன சொல்கிறதென்றால், மிஸ்ஸௌரியின் தென்பகுதி ஓடைகள் பெரும்பாலானவற்றில் மார்ச் முதல் தேதி தொடங்கி மே மாதம் நான்காவது சனிக்கிழமை வருமுன் பாஸ் மீனை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. தேக்கங்களுக்கு இந்த விதி இல்லை. டேபிள் ராக்கில் பதினைந்து அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், நாளொன்றுக்கு ஆறுக்கு மேல் கூடாது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள். கூட்டைக் கண்டால் படகைத் திருப்பிக்கொண்டு, இன்னும் முட்டையிட வராத மீன்கள் நிற்கும் ஆழத்துக்குப் போய்விடும் பெரியவர்கள் அங்கே இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் மீன் கிடைக்காமற் போவதில்லை.

மே மாதக் கடைசியில் குஞ்சுகள் கலைந்து தனித்தனியே பிழைக்கப் புறப்படுகின்றன. எலும்பும் தோலுமாக இளைத்துப்போன தகப்பன் ஆழத்துக்கு இறங்கி, வாரக்கணக்கான பசியைத் தீர்த்துக் கொள்கிறது. வெயில் ஏறிய பிறகு அந்தத் தெளிந்த நீரில் பகலில் தூண்டில் போடுவதால் அதிகப் பிரயோஜனமில்லை. தூண்டில்காரர்கள் பகலெல்லாம் உறங்கி, விளக்கை எடுத்துக்கொண்டு இரவில் படகேறுகிறார்கள்.