நின்ற இதயமெல்லாம் செத்த இதயம் இல்லை

எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது 2016 டிசம்பரில். இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை உடம்புக்கு வெளியிலிருந்து செய்யும் கருவி அது. முதலமைச்சர் ஜெயலலிதாவின் இதயத் துடிப்பு நின்றது, எக்மோ கருவியில் வைத்திருக்கிறார்கள் என்று 4ஆம் தேதி இரவு செய்தி வந்தது. மறுநாள் இரவு அவர் இறந்தார். 2020இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொரோனாவோடு போராடிய வாரங்களில் அதே சொல்லைத் தினமும் கேட்டோம். செப்டம்பர் 25 அன்று அவரும் போய்விட்டார். இந்த இரண்டு சாவுகளை வைத்து ஊர் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது: எக்மோவில் போட்டுவிட்டார்கள் என்றால் முடிந்தது கதை; உயிர் போன உடம்பை மிஷினில் வைத்துக்கொண்டு பில் ஏற்றுகிறார்கள்.

துக்கத்தில் பிறந்த நம்பிக்கை என்பது புரிகிறது. ஆனால் மருந்தோ மாத்திரையோ அளவுமீறி உடம்பில் ஏறி, இதயம் தளர்ந்து கிடக்கும் நோயாளியின் விஷயத்தில் இது பச்சைப் பொய். பிழைக்கக்கூடியவர்களைச் சாக விடும் பொய். எக்மோ மிக நன்றாகக் கைகொடுக்கும் இடங்களில் ஒன்று இதுதான்.

ஏன் என்று பார்ப்போம். பிரஷர் மாத்திரைகள், படபடப்புக்குத் தரும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில பழைய மருந்துகள், மலேரியாவுக்கான குளோரோகுயின் போன்றவை அளவு மிஞ்சினால் இதயத்தைத்தான் பிடிக்கின்றன. தசைச் செல்களுக்குள் கால்சியமும் சோடியமும் நுழையும் வழிகளை அடைக்கின்றன, அல்லது துடிப்பை முடுக்கும் சமிக்ஞைகளை மறிக்கின்றன. துடிப்பு மெலிகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது, கடைசியில் நின்றே போகிறது. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபட்டுத் தசை செத்துத் தழும்பாகிவிடும். இங்கே தசை பெரும்பாலும் சாவதில்லை. காயில் எரிந்த மோட்டார் வேறு, கரண்ட் போன மோட்டார் வேறு. மருந்து உடம்பை விட்டு இறங்கினால் அதே இதயம் பழையபடி துடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டியவை கல்லீரலும் சிறுநீரகமும். அவை வேலை செய்ய ரத்தம் போக வேண்டும். ரத்தத்தை அனுப்ப வேண்டிய இதயமோ மருந்தின் பிடியில் கிடக்கிறது. மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினாலும் அது போய்ச் சேர ஓட்டம் இல்லை. இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டி இந்த வளையத்தை வெட்டிவிடுவதுதான் எக்மோ கருவியின் வேலை. அது நஞ்சை முறிப்பதில்லை. கல்லீரல் முறிப்பதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது.

தொடையில் உள்ள பெருஞ்சிரையில் ஒரு குழாய், தமனியில் இன்னொன்று. முதல் குழாயில் வெளியே வரும் ரத்தம் கருஞ்சிவப்பு. பம்ப்பையும் செயற்கை நுரையீரலையும் தாண்டி இரண்டாவது குழாயில் திரும்பும்போது பளிச்சென்ற சிவப்பு. மானிட்டரைப் பார்த்தால் ரத்த அழுத்தக் கோடு மேடுபள்ளம் இல்லாமல் தட்டையாக ஓடும். அழுத்தம் இருக்கும், நாடி இருக்காது. உறவினர்கள் கையைத் தொட்டுப் பார்த்து, "நாடியே இல்லையே, எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கதறுவது இந்த நேரத்தில்தான். மருந்து இறங்க இறங்க அந்தத் தட்டைக் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் தலைகாட்டும். இதயம் தானாக ரத்தத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். தேறுகிறவர்களில் பலருக்கு இது சில நாட்களில் நடந்துவிடுகிறது.

பிரான்ஸின் நார்மண்டியில் கான் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் 2009இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மருந்து நஞ்சால் எந்தச் சிகிச்சைக்கும் மசியாத நிலைக்குப் போன 17 பேரைக் கருவியில் வைத்தார்கள். 13 பேர் நடமாடும் நிலையில் வீடு திரும்பினார்கள். 2012இல் அங்கிருந்தே ஓர் ஒப்பீடு வந்தது. கருவி பொருத்திய 14 பேரில் 12 பேர் பிழைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 48 பேரில் 23 பேர். நம் நாட்டிலும் சான்று இருக்கிறது. தானிய மூட்டைகளுக்கு வைக்கும் மாத்திரையால் இதயம் செயலிழந்தவர்களைப் பற்றி லூதியானா மருத்துவர்கள் 2016இல் எழுதினார்கள். கருவியில் வைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தார்கள். வைக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 87 பேர்.

இவை சிறிய எண்ணிக்கைகள். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய சோதனைகள் அல்ல. பாரீஸில் நடந்த இன்னோர் ஆய்வில், நஞ்சால் துடிப்பு முற்றாக நின்றுபோன 12 பேரில் 3 பேர்தான் பிழைத்தார்கள். அந்த மூவருக்குக் கருவி பொருத்தும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நேரம்தான் என்னை உலுக்குகிறது: ஒருவருக்கு 30 நிமிடம், ஒருவருக்கு 100, இன்னொருவருக்கு 180. மூன்று மணி நேரம் மனிதக் கைகளால் ஓட்டப்பட்ட ரத்தத்தில் மூளை தாக்குப்பிடித்திருக்கிறது. அரைமணி நேரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும் மருத்துவர்கள் இதைப் படிக்க வேண்டும். கண்மணி விரிந்துவிட்டது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை என்பதும் இங்கே சாவுக்குச் சான்றாகாது. சில மருந்துகளே கண்மணியை அப்படி ஆக்கும்.

பணம் பிடுங்கும் கருவி என்ற குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மை. செலவு லட்சக்கணக்கில் போகிறது. ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, குழாய் போட்ட காலுக்கு ரத்தம் போகாமல் காலே பறிபோவது என்று ஆபத்துகளும் உண்டு. உறுப்புகளையே அரித்துவிட்ட நஞ்சுகளில் இது பெரிதாக உதவாது. எங்கே பயனில்லாமல் பொருத்திப் பணம் பறிக்கிறார்களோ அங்கே சட்டையைப் பிடித்துக் கேளுங்கள். அதற்காக, பயன் உள்ள நோயாளிக்கும் வேண்டாம் என்பது என்ன நியாயம்? கேட்க வேண்டியது அரசு மருத்துவமனைகளில் இந்த வசதியும் அதை ஓட்டப் பயின்ற ஆட்களும் இரவு பகலாக இருக்க வேண்டும் என்பதைத்தான்.

இதைவிடக் கொடியது இன்னொரு பேச்சு. "சாகணும்னுதானே முழுங்கினா, அவளுக்கு எதுக்கு இவ்வளவு?" தாத்தாவின் மாத்திரையை மிட்டாய் என்று விழுங்கிய குழந்தையும், மறதியில் இரண்டு மடங்கு போட்டுக்கொண்ட பாட்டியும் இதே படுக்கைக்குத்தான் வருகிறார்கள். அது இருக்கட்டும். தெரிந்தே விழுங்கியவரையும் கைவிட யாருக்கும் உரிமை இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்று கருதுகிறது. அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்குகிறது. காப்பாற்றினாலும் எப்படியும் மறுபடி செய்து இறந்துவிடுவார்கள் என்பதும் பொய். தன்னைத்தானே தாக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான மதிப்பாய்வில், ஓராண்டுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை. ஒன்பது ஆண்டு கழித்தும் அது ஐந்து சொச்சம்தான். மற்றவர்களில் பெரும்பாலானோர் அந்த ஓர் இரவைத் தாண்டிவிட்டவர்கள். அந்த இரவில் அவர்களைத் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் இத்தனை பாடும்.

மாவட்ட மருத்துவமனைகள் நோயாளியை அனுப்பும் நேரம் மாற வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கே ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் ஆகும். துடிப்பு நின்ற பிறகு புறப்பட்டால் வழியிலேயே முடிந்துவிடும். அழுத்தத்தை ஏற்ற இரண்டாவது மருந்தும் போட்டாயிற்று, இன்னும் ஏறவில்லை என்ற கணத்திலேயே எக்மோ உள்ள இடத்துக்குப் போன் போக வேண்டும். உறவினர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டில் கிடக்கும் காலி மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வாருங்கள், எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். இதயத்தைப் பிடிக்கும் மருந்தா, எப்போது உச்சத்துக்கு ஏறும் என்பதை வைத்துத்தான் மருத்துவர் அந்த போனை எடுப்பார்.